3 மி.மீ. இடித்த ரயில் அலமாரி

போன வாரம் என் மாடல் ரயில்களுக்கான அலமாரியில் பத்தாவது டிராயரையும் மாட்டி முடித்துவிட்டேன். திறக்கிறது, மூடுகிறது, உள்ளே நிற்கும் வண்டிகள் எதிலும் இடிக்கவில்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க நாலு மாதம் ஆனது. இரண்டே வாரம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு மாடல் நீராவி எஞ்சின். பரணில் பத்து வருஷம் மூடிக் கிடந்த டப்பாவிலிருந்து அதை எடுக்கப் போனால், எஞ்சினோடு ஸ்பான்ஜும் சேர்ந்து வந்தது. ஒட்டிக்கொண்டு வந்தது என்று சொல்ல வேண்டும். கம்பெனி டப்பா கிழிந்துபோனதால் மெத்தைக்கு வாங்கியதில் மிஞ்சிய ஸ்பான்ஜை நானே அளவாக வெட்டி, அதில் பள்ளம் எடுத்து, எஞ்சினைப் படுக்க வைத்திருந்தேன். அன்றைக்கு அதைப் பார்த்துப் பெருமைப்பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மெத்தை ஸ்பான்ஜ் பாலியூரித்தேன். சூட்டிலும் ஈரக் காற்றிலும் அது தானாகவே சிதையும், பொடியாகவோ பிசினாகவோ ஆகும். என் எஞ்சினில் இரண்டும் நடந்திருந்தது. பாய்லரின் ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புப் பிசின், அடியில் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே பொடி.

பல்குத்தும் குச்சி, பழைய வாட்டர் கலர் பிரஷ், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சி, இவ்வளவை வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். முக்கால்வாசி போனது. மூன்றாம் நாள் பொறுமை போய் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தேய்த்தேன். பிசின் உடனே வந்தது, கூடவே கேபின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் பஞ்சில் வந்துவிட்டன. பெயின்ட்டுக்கு அது ஆகுமா என்று அடியில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் முதலில் தடவிப் பார்த்திருக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், செய்யவில்லை.

சரி, ஒன்று இப்படி ஆனால் மற்றவை? ஒவ்வொரு டப்பாவாக இறக்கினேன். நான் சேர்ப்பது ஹெச்.ஓ. அளவு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. எண்ணிப் பார்த்ததில் எஞ்சின் 18, பயணிகள் கோச் 52, சரக்கு வேகன் 70 சொச்சம். ஸ்பான்ஜ் வைத்த டப்பாக்கள் இன்னும் நாலு இருந்தன, நல்ல வேளையாக அவற்றில் பொடி மட்டும்தான், பிசின் இல்லை. குமிழி பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றியிருந்த ஒரு கோச்சின் கூரையில் குமிழிகளின் வட்டம் வட்டமான தடம் பதிந்திருந்தது, அது இனி போகாது. ஒரு பழைய டீசல் எஞ்சினின் அடிச்சட்டம் விரிசல் விட்டு லேசாக வளைந்திருந்தது. துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் போன்ற கலப்படம் இருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து வீங்கி இப்படி உடையும். இதற்கு மருந்து கிடையாது. பக்கத்து வண்டிக்குப் பரவும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், பரவாது. வார்க்கும்போதே உள்ளே இருந்த கோளாறு அது. அந்த எஞ்சினை மட்டும் ஓட்டாமல் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தனியே எடுத்து வைத்தேன்.

இந்த இடத்திலேயே ஒரு தமிழ்ச் சிக்கலும் வந்தது. கணக்கு நோட்டில் "பெட்டி 12" என்று எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நம்பர் அட்டைப் பெட்டியா, பன்னிரண்டாவது ரயில் பெட்டியா? எழுதியவனுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து ஓடுவது கோச், மூடுவது டப்பா.

முதல் முயற்சி பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியோடு வரும், உள்ளே தெரியும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பாலிப்ரொப்பிலீன் என்பதால் பெயின்ட்டுக்கும் தொந்தரவு இல்லை. எட்டு டப்பா வாங்கி, அமிலமில்லாத டிஷ்யூ தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கினேன். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த வண்டியைக் கேட்டாலும் அது கடைசி டப்பாவில்தான் இருந்தது. ஏழு கோச் உள்ள ஒரு வண்டியைத் தண்டவாளத்தில் நிறுத்த நாற்பது நிமிஷம், ஓடியது இருபது நிமிஷம், திரும்பச் சுற்றி வைக்க இன்னொரு நாற்பது. ஆறு வாரத்தில் ஓடியது இரண்டே இரண்டு வண்டிகள், அதுவும் மேல் டப்பாவில் இருந்ததால். ஊருக்கு வந்திருந்த அக்கா மகள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "மாமா, மத்ததெல்லாம் லீவுல இருக்கா?" என்று கேட்டாள். அன்று ராத்திரியே டிராயர் அலமாரிக்குப் படம் போட ஆரம்பித்தேன்.

அளவு எடுத்ததில்தான் பெரிய தப்பு. கையில் கிடைத்த ஒரு கோச்சை ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன், 282 மி.மீ. வண்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளர் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு இருப்பதைச் சேர்த்தால் 290. பத்து மி.மீ. தாராளம் காட்டி 300 என்று முடிவு செய்தேன். டிராயருக்குள் குறுக்குவாட்டில் இரண்டு கோச், நடுவே 3 மி.மீ. தடுப்பு, உள் அகலம் 603. பக்கப் பலகை 12 மி.மீ. பிளைவுட் இரண்டு, சேர்த்தால் 627. டிராயரைத் தாங்கி முன்னும் பின்னும் ஓட விடும் டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. எடுத்துக்கொள்ளும், தச்சர் பாஷையில் நாலு நூல். இரண்டு பக்கத்துக்கும் 25.4. ஆக அலமாரியின் திறப்பு 652.4, நான் 653 வைத்தேன். உள் ஆழம் 450. உள் உயரம் 65, ஏனென்றால் ஹெச்.ஓ. கோச் தண்டவாள மட்டத்திலிருந்து கூரை வரை 50 மி.மீ. சுற்றுவட்டாரம்தான். கன்டெய்னரை இரண்டடுக்காக ஏற்றும் வேகன்கள் மட்டும் 70 மி.மீ. வரும், அதற்காக ஒரே ஒரு டிராயரை 85 உயரத்துக்குப் போட்டேன். இது முதலிலேயே எப்படி ஞாபகம் வந்தது என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

வெளிக்கூடு 18 மி.மீ. பிளைவுட், டிராயருக்கு 12, அடித்தட்டு 6. நேர்வெட்டுகளையெல்லாம் மரக்கடை மெஷினிலேயே வெட்டி வாங்கிக்கொண்டேன், வீட்டில் ஜிக்சாவால் ஒரு பலகையை வெட்டிப் பார்த்தபோது 600 மி.மீ.க்குள் 4 மி.மீ. ஓடிவிட்டது. என் கையில் இருந்தவை டிரில், மூலைமட்டம், ரசமட்டம், இரண்டு கிளாம்ப், உப்புத்தாள். சேனல் மாட்டுவதுதான் இதில் நுணுக்கமான வேலை. முதல் மூன்று ஜோடிக்குப் பென்சிலால் கோடு போட்டு மாட்டினேன். மூன்றாவது டிராயர் வலது பக்கம் 2 மி.மீ. தூக்கி நின்று பாதியில் இறுகியது. கழற்றிவிட்டு, 80 மி.மீ. உயரத்தில் இரண்டு பிளைவுட் துண்டு வெட்டி, கீழிருந்து மேலாக அவற்றின்மேல் சேனலைப் படுக்க வைத்து ஸ்குரூ போட்டேன். அதற்கப்புறம் ஸ்கேலையே தொடவில்லை, ஏழும் சுலபமாக ஓடின. சேனல் முழுசாக வெளியே வரும் ரகமாக இருக்க வேண்டும். முக்கால்வாசி மட்டும் வரும் ரகத்தில் கடைசி வரிசை வண்டிகளைக் கை மடக்கி உள்ளே விட்டுத்தான் எடுக்க முடியும், அப்படி எடுக்கும்போது ஒரு கைப்பிடிக் கம்பியாவது போகும். 45 கிலோ தாங்கும் சேனல் எனக்கு அதிகம்தான், ஒன்பது எஞ்சின் வைத்த டிராயரே நாலு கிலோவுக்குள் நிற்கிறது. ஆனால் லேசான சேனல் பக்கவாட்டில் ஆடும்.

முதல் டிராயரில் கோச்களை வைத்துப் பார்த்தேன். அழகாக உட்கார்ந்தன. இரண்டாவதிலும். மூன்றாவதில் வைக்கப் போன கோச் உள்ளே இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். ஸ்கேலை எடுத்தால் 303 மி.மீ.

அப்போதுதான் உறைத்தது. ஐரோப்பிய நீளக் கோச்களின் நிஜ நீளம் 26.4 மீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 303. சிறிய வளைவுகளில் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பல கம்பெனிகள் நீளத்தை மட்டும் 1:93.5 கணக்கில் சுருக்கிச் செய்ததுண்டு, அது 282. இன்னும் சுருக்கி 1:100 என்றால் 264. என்னிடம் மூன்று வகையும் இருக்கின்றன. நான் அளந்தது நடு வகை. முழு நீளக் கோச் 22, கப்ளரோடு ஒவ்வொன்றும் 312 மி.மீ. பத்து டிராயர் செய்து முடித்த பிறகு 3 மி.மீ. இடிக்கிறது, கப்ளரைச் சேர்த்தால் 12. ஒரு நாள் முழுக்க அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. குறுக்கே போகாதது நீளவாக்கில் போகுமே, உள் ஆழம் 450 இருக்கிறது. தடுப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, முன்னிருந்து பின்னாகப் பத்து வழித்தடம் போட்டேன். முன்பக்கம் 320 மி.மீ. கோச்சுக்கு, ஒரு தடுப்பு, பின்பக்கம் மிஞ்சிய 127 மி.மீ.யில் இரண்டு அச்சு வேகன் ஒன்று கச்சிதமாக நிற்கும். தடுப்புக்கு விளம்பரத் தட்டிகளில் போடும் 3 மி.மீ. நெளி பிளாஸ்டிக் ஷீட், கட்டரில் வெட்டலாம், பாதி உயரத்துக்குக் கீறல் போட்டு ஒன்றில் ஒன்றைச் செருகினால் பசையே வேண்டாம். தப்பில் ஒரு லாபமும் இருந்தது. முன்பு பேராசையில் வழித்தட அகலத்தை 42 மி.மீ. என்று வைத்திருந்தேன். கோச்சின் அகலம் 33, பக்கத்துக்கு நாலரை மி.மீ. இடைவெளியில் யார் விரல் போகும்? நகத்தால் கூரையைப் பிடித்துத் தூக்கியதில் ஒரு எஞ்சினின் பித்தளைக் கைப்பிடிக் கம்பி ஏற்கெனவே கழன்றிருந்தது. புது ஏற்பாட்டில் வழித்தடம் 57 மி.மீ. வந்தது.

ஆனால் இப்போது இன்னொன்று கிளம்பியது. பத்து கோச் வைத்து, எப்போதும் மூடுகிற மாதிரி டிராயரைத் தள்ளினேன். டக் டக் டக் என்று வரிசையாகச் சத்தம். திறந்து பார்த்தால் ஒரு பஃபர், அதாவது கோச்சின் முனையில் இடி தாங்கும் குமிழ், கழன்று தரையில் கிடக்கிறது. குறுக்கே நின்றவரை வண்டிகள் டிராயரோடு சேர்ந்து நகர்ந்தன, நீளவாக்கில் திருப்பியதும் சக்கரம் உருளும் திசையும் டிராயர் ஓடும் திசையும் ஒன்றாகிவிட்டன. நல்ல கோச் ஊதினாலே உருளும், அதுதானே அதன் பெருமை.

அடியில் 3 மி.மீ. ஃபோம் ஷீட் விரித்தேன், சக்கரம் கொஞ்சம் அமிழ்ந்தது, வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், வருஷக்கணக்கில் அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக் கறை விடும் என்பதால் விட்டுவிட்டேன். கடைசியில் பலன் தந்தது இதுதான்: பாலிஎத்திலீன் ஃபோமில் 55க்கு 30 அளவில் துண்டு வெட்டி, நடுவில் கப்ளர் நுழைய 'ப' வடிவத்தில் பள்ளம் எடுத்து, கோச்சின் இரண்டு முனையிலும் செருகுவது. பஃபர்கள் ஃபோமில் அழுந்தி நிற்கும், கப்ளர் எதையும் தொடாது. 264 மி.மீ. கோச்சுக்கு ஒரு முனையில் கூடுதலாக இரண்டு துண்டு. முதல் இருபது துண்டுகளைக் கண்ணளவில் வெட்டிப் பாதியைக் குப்பையில் போட்டேன். அப்புறம் தகரத்தில் ஒரு அச்சு வெட்டிக்கொண்டு, கட்டருக்கு பத்து துண்டுக்கு ஒருமுறை புது முனை உடைத்துப் போட்டால் வெட்டு பிசிறில்லாமல் வந்தது. மொத்தம் நூற்றுமுப்பது துண்டுக்கு மேல். வானொலி கேட்டுக்கொண்டே செய்ய வேண்டிய வேலை.

இந்த ஃபோம் எங்கிருந்து என்றால், கம்ப்யூட்டரும் மின்சாதனங்களும் பேக் செய்து வரும் வெள்ளைத் துண்டுகள்தான். ஸ்பான்ஜா, பாலிஎத்திலீனா என்று சந்தேகம் வந்தால் ஒரு கிண்ணத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து விட வேண்டும். குடித்துக் கனத்தால் ஸ்பான்ஜ், தூக்கி எறியலாம். துளிகூடக் குடிக்காமல் மேலே குதித்து வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

எடுப்பதற்கு விரலை நம்பக் கூடாது என்று முடிவு செய்து, ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் 40 மி.மீ. அகலப் பாலியஸ்டர் ஷீட் பட்டை ஒன்றைத் தொட்டில் மாதிரி போட்டேன். இரண்டு முனையும் தடுப்பை ஒட்டி மேலே நிற்கும், சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் வண்டியின் மேல் கை படாது. எஞ்சினுக்கு இரண்டு பட்டை. பிவிசி ஷீட்டில் செய்யாதீர்கள், அதில் மென்மைக்காகக் கலந்திருப்பது கசிந்து பாலிஸ்டைரீன் வண்டியை இளக்கும். கையுறை போடுவதானால் நைட்ரைல், பருத்திக் கையுறையின் நூல், மின்சார எஞ்சினின் கூரைமேல் நிற்கும் பான்டோகிராஃபில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு போதும்.

புது பிளைவுட்டின் நெடி போக டிராயர்களைத் திறந்தபடியே மூன்று வாரம் விட்டேன். அவசரம்தான், இருந்தாலும் பழைய மரப்பெட்டி ஒன்றில் வைத்திருந்த வேகனின் உள்ளே ஈய எடைக்கட்டி வெள்ளைப் பொடி பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், மரத்திலிருந்து வரும் அமில ஆவிக்கு ஈயம் தாங்காது. ஈரப்பதத்துக்காக ஒவ்வொரு டிராயரிலும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் பை போட்டது வீண் வேலை. காற்றுப் புகாத இடத்தில்தான் அதற்கு மதிப்பு, டிராயரில் அது அறையின் ஈரத்தையே குடித்துக்கொண்டிருந்தது, நாலு நாளில் பச்சையாகிவிட்டது. பைகளையெல்லாம் எடுத்து, ஸ்டிக்கர் எழுத்துகளும் கையேடுகளும் இருக்கும் மூடி டப்பாவுக்கு மாற்றினேன். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி நிறுத்தியதிலேயே உள்ளே ஈரப்பதமானி 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பூச்சிக்கு அந்துருண்டை போடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். பழைய தெர்மாகோல் துண்டில் ஒன்றை வைத்துக் காட்டினேன், சில நாளில் உருண்டை இருந்த இடத்தில் குழி. அத்துடன் அந்தப் பேச்சு நின்றது.

நம்பர் போடுவதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், வண்டிக்கு நம்பர் கொடுக்காமல் வழித்தடத்துக்குக் கொடுத்தது. 4-7 என்றால் நாலாவது டிராயர், ஏழாவது தடம். வண்டியை எடுத்தால் அந்தத் தடத்தில் ஒரு அட்டைச் சீட்டு நிற்கும், அதில் வண்டியின் பெயர், கப்ளர் வகை, கடைசியாக எண்ணெய் போட்ட தேதி. எஞ்சின் என்றால் டிசிசி முகவரியும், அதாவது டிஜிட்டல் கன்ட்ரோலில் அந்த எஞ்சினை மட்டும் அழைக்கும் எண். இது முக்கியம், ஏனென்றால் எஞ்சினுக்குள் கட்டளையை வாங்கும் டிகோடர் எல்லாம் ஃபேக்டரியிலிருந்து முகவரி 3 என்றுதான் வரும், ஒருமுறை ஒன்றை அழைத்தபோது தண்டவாளத்தில் ஓரமாக நின்ற இன்னொன்றும் கிளம்பிப் போய்த் தடுப்பில் முட்டியது. இப்போது எஞ்சின் எண்ணின் கடைசி நாலு இலக்கமே முகவரி. எண் அழிந்த அந்த நீராவி எஞ்சினுக்கும் அதேதான், சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். முதலில் சீட்டுகளைச் சின்னத் தெர்மல் பிரிண்டரில் அச்சடித்தேன், ஜன்னலோரம் விட்ட பத்துச் சீட்டும் மங்கிவிட்டன. பென்சில் போதும்.

கம்பெனி டப்பாக்களைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, என்றைக்காவது விற்றால் டப்பாவோடு இருந்தால்தான் மரியாதை. அவை பரணில், அதே தட எண் எழுதி. வண்டிகள் அடைத்த இடத்தைவிட வெறும் டப்பாக்கள் அடைத்த இடம் அதிகம். அட்டையைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கித் தட்ட வேண்டும்.

செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு பத்து ஜோடி சேனலுக்கே போனது. அடுத்தது பிளைவுட். ஃபோம் இலவசம், தடுப்பு ஷீட் சில்லறைக் காசு. வீணாய்ப்போன எட்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் இப்போது பெயின்ட்டும் மரங்களும் வீடுகளும் இருக்கின்றன, அதனால் அதை நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. இன்னொரு முறை செய்வதாக இருந்தால் உள் அகலம் 650க்குக் குறைக்க மாட்டேன், தடங்களைக் குறுக்கே போடுவேன், அந்த நூற்றுமுப்பது துண்டு வேலை முக்கால்வாசி இருக்காது. வாங்குவதற்கு முன் என்னிடம் உள்ளதிலேயே நீளமான கோச்சைத் தேடி எடுத்து, கப்ளரோடு அளப்பேன்.

தண்டவாளத்துக்குத்தான் வழி கிடைக்கவில்லை. வளைவுத் துண்டுகளும் தடம் பிரிக்கும் பாயின்ட்டுகளும் பத்தாவது டிராயரில் ஆரம் வாரியாக அடங்கிவிட்டன. வேண்டியபடி வளைத்துப் போடும் 914 மி.மீ. நீள ஃபிளெக்ஸ் தண்டவாளம் முப்பது இருக்கிறது, அது எந்த டிராயரிலும் போகாது. இப்போதைக்கு மழைநீர்க் குழாய் ஒன்றை ஒரு மீட்டருக்கு வெட்டி, அடியில் மூடி போட்டு, கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். யார் கதவைத் திறந்தாலும் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிறது.